ஏணியும் ஆயுளும்: சமூகக் குழுக்களிடையே உடல்நலம் ஏன் வேறுபடுகிறது?

எம்மவர் இருவர் கோயில் திருவிழாவிலோ கலியாண மண்டபத்திலோ சந்தித்தால் பேச்சு எப்படித் தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். முன்பெல்லாம் "எந்த ஊர், ஆற்றை மகன்?" என்று கேட்டுக்கொண்டோம். ஐம்பதைத் தாண்டிய பிறகு, "சுகர் எவ்வளவு நிக்குது?" என்று கேட்கிறோம். ஒருவருக்கு இதயக் குழாயில் வலைச்சுருள் வைத்தாகிவிட்டது. இன்னொருவர் இரண்டு வகைக் குளிசையிலிருந்து இன்சுலினுக்கு மாறிவிட்டார். மரண அறிவித்தல்களைத் திறந்தால் பெயரையும் ஊரையும் பார்த்த கையோடு கண் வயதைத்தான் தேடுகிறது. 54, 58, 61 என்று வரும்போது மனம் ஒருகணம் நின்றுவிடுகிறது.

இதற்கு எம்மிடம் மூன்று விளக்கங்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று விதி. மற்றது பரம்பரை: "தேப்பனுக்கும் இருந்தது தானே." மூன்றாவது சோறு: "மூன்று நேரமும் சோறு சாப்பிட்டால் வேறென்ன வரும்?" விதியைப் பற்றி நாம் எதுவும் சொல்வதற்கில்லை. பரம்பரையிலும் சோற்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அதே பரம்பரையில் வந்து அதே சோற்றைச் சாப்பிட்ட சகோதரர்கள் வேறு வேறு நாடுகளில், வேறு வேறு தொழில்களில் வேறு வேறு உடல்நலத்தோடு இருப்பது எப்படி? பரம்பரையும் வேறு, உணவும் வேறாக உள்ள ஆங்கிலேயரிடையே கூட, வசதி குறைந்தவர் வசதி கூடியவரைவிட முந்தி இறப்பது ஏன்?

நாம் வைத்தியர்கள் அல்லர். வணிகவியல் படித்து, அகதியாக வந்து, பிரித்தானியாவில் கணக்கெழுதிப் பிழைப்பவர்கள். எண்களை வரிசையில் வைத்து வாசிப்பதே எமது தொழில். இந்த விடயத்தில் பிரித்தானியாவில் 180 வருடங்களுக்கு மேலாக எண்கள் சேர்க்கப்பட்டு வருகின்றன. அவற்றை எமது குடும்பங்களுக்கு விளங்கும்படி ஓரிடத்தில் தொகுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு வேறு கேள்விகள்

முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். "இந்த மனிதருக்கு ஏன் மாரடைப்பு வந்தது?" என்பது ஒரு கேள்வி. "இந்தக் கூட்டத்தாருக்கு மற்றக் கூட்டத்தாரைவிட ஏன் கூடுதலாக மாரடைப்பு வருகிறது?" என்பது வேறு கேள்வி. ஒரு தெருவில் ஒரு கடை மட்டும் நட்டத்தில் போனால் அந்தக் கடைக்காரரின் நிர்வாகத்தைப் பார்க்கிறோம். தெருவின் ஒரு பக்கத்துக் கடைகள் எல்லாமே நட்டத்தில் போனால் கடைக்காரர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. அந்தப் பக்கத்தில் பேருந்துத் தரிப்பு எடுக்கப்பட்டதா, வாடகை ஏறியதா என்று தெருவைப் பார்க்க வேண்டும். இக்கட்டுரை இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

1842ஆம் ஆண்டின் கணக்கு

எட்வின் சாட்விக் என்பவர் இங்கிலாந்தின் வறியோர் சட்ட ஆணையத்தின் செயலாளர், சட்டம் படித்தவர். உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றி 1842இல் அவர் வெளியிட்ட அறிக்கையில், இறந்தவர்களின் சராசரி வயது தொழில் பிரிவுகளின்படி கொடுக்கப்பட்டிருந்தது. லிவர்பூல் நகரில் கனவான்களின் குடும்பங்களில் 35, வணிகர் குடும்பங்களில் 22, கூலியாட்களின் குடும்பங்களில் 15. கிழக்கு லண்டனின் பெத்னல் கிறீனில் அதே வரிசையில் 45, 26, 16. கிராமப்புறமான ரட்லண்டில் 52, 41, 38.

15 என்றால் கூலியாட்கள் எல்லோரும் பதினைந்து வயதில் இறந்தார்கள் என்று பொருளல்ல. கைக்குழந்தைகள் ஏராளமாக இறந்ததால் சராசரி அவ்வளவு கீழே இறங்கியது. இந்த எண்களில் இன்னொன்றையும் கவனிக்கலாம். ரட்லண்டின் கூலியாள் குடும்பத்தின் சராசரி, லிவர்பூல் கனவான் குடும்பத்தின் சராசரியைவிட அதிகம். ஆக, தொழிலும் ஆயுளைத் தீர்மானிக்கிறது, இடமும் தீர்மானிக்கிறது. நெருக்கமான வீடு, கழிவு கலந்த தண்ணீர், வடிகால் இல்லாத ஒழுங்கை ஆகியவையே அன்றைய கொலையாளிகள். இந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1848இல் பிரித்தானியாவின் முதலாவது பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது.

இலவச வைத்தியம் வந்த பின்னும்

1948 யூலை 5ஆம் திகதி தேசிய சுகாதார சேவை, அதாவது நாமெல்லாம் சொல்லும் என்.எச்.எஸ், தொடங்கப்பட்டது. பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே வைத்தியர், ஒரே வைத்தியசாலை. இனி இந்த இடைவெளி மூடிவிடும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள்.

மூடவில்லை. 1977இல் அரசாங்கம் சேர் டக்ளஸ் பிளக் என்ற மூத்த மருத்துவரின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழுவின் அறிக்கை 1980இல் வந்தது. தொழில் வகுப்புகளில் ஆகக் கீழே உள்ளவர்கள், ஆக மேலே உள்ளவர்களைவிட ஓய்வு வயதை எட்டுமுன் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு என்று அது சொன்னது. அதற்கிடையில் ஆட்சி மாறியிருந்தது. புதிய அரசாங்கம் அறிக்கையை அச்சுப் புத்தகமாகக் கூட வெளியிடவில்லை. ஓகஸ்ட் மாத விடுமுறையை ஒட்டி 260 பிரதிகள் மட்டும் உருட்டச்சில் எடுத்து விடப்பட்டன. மறைக்க முயன்றதனாலேயே அது புகழ்பெற்றது. 1982இல் பெங்குயின் நிறுவனம் அதைப் புத்தகமாகப் போட்டது.

இடைவெளி இன்றும் இருக்கிறது. 2008இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் ஒன்று ஓர் உதாரணத்தைக் காட்டியது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரின் கால்டன் பகுதியில் ஆண்களின் சராசரி ஆயுள் 54. சில மைல் தள்ளியிருக்கும் லென்சி பகுதியில் 82. 2010இல் அதே ஆணையத்தின் தலைவர் சேர் மைக்கேல் மாமட் இங்கிலாந்து பற்றி வெளியிட்ட அறிக்கையின்படி, ஆக வறிய பகுதி மக்கள் ஆக வசதியான பகுதி மக்களைவிடச் சராசரியாக 7 வருடம் முந்தி இறக்கிறார்கள். இயலாமை இல்லாமல் வாழும் வருடங்களைக் கணக்கெடுத்தால் வித்தியாசம் 17 வருடம். வறியவரின் வாழ்வு குறுகியது என்பதோடு, வசதியானவரைவிட அதன் கூடுதலான பகுதி இயலாமையோடு கழிகிறது.

நான்கு விளக்கங்கள்

டக்ளஸ் பிளக்கின் குழு, இந்த இடைவெளிக்குச் சொல்லக்கூடிய விளக்கங்களை நான்காகப் பிரித்தது. இன்றும் இந்தத் துறையில் பேசுபவர்கள் அந்தப் பிரிப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

முதலாவது, கணக்குப் பிழை. தொழில் வகுப்புகளைப் பிரித்த முறையினால் இல்லாத வித்தியாசம் இருப்பதுபோலத் தெரிகிறதா? கணக்காளர்களாகிய எமக்கும் முதலில் வரும் சந்தேகம் இதுதான். ஆனால் வருமானத்தால் பிரித்தாலும், படிப்பால் பிரித்தாலும், வீட்டின் முகவரியால் பிரித்தாலும் அதே சரிவுதான் வருகிறது. நான்கு வழியில் கூட்டியும் ஒரே விடை வந்தால் பிழை கூட்டலில் இல்லை.

இரண்டாவது, தெரிவு. வறுமை நோயைத் தருவதில்லை, நோய்தான் மனிதரை வறுமைக்குத் தள்ளுகிறது என்ற விளக்கம். இதில் உண்மை உண்டு. பக்கவாதம் வந்தவர் வேலை இழக்கிறார். ஆனால் ஆரோக்கியமாக இருந்தவர்களைத் தொடக்கத்திலிருந்தே பல வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வுகளில், வேலையின் நிலை முதலில் வந்தது, நோய் பிறகு வந்தது. ஆகவே இது ஒரு சிறுபகுதியையே விளக்குகிறது.

மூன்றாவது, பழக்கவழக்கம். புகைத்தல், குடி, எண்ணெய், உடற்பயிற்சி இல்லாமை. அரசாங்கங்களுக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது, ஏனென்றால் செலவில்லாதது; எமது கலியாண மண்டபப் பேச்சிலும் இதுதான் கடைசியில் வெல்கிறது. புகைத்தல் கொல்லும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கீழ்ப்படியில் உள்ளவர்கள் ஏன் கூடுதலாகப் புகைக்கிறார்கள் என்ற கேள்வி பின்னால் நிற்கிறது.

நான்காவது, வாழும் நிலைமை. வருமானம், வீடு, வேலையின் தன்மை, குழந்தைப் பருவத்து வறுமை. பிளக் குழு அதிக எடை கொடுத்தது இந்த நான்காவது விளக்கத்துக்கே.

வைட்ஹோல் தந்த அதிர்ச்சி

இந்த விவாதத்தைப் புரட்டிப்போட்டது ஏழைகளைப் பற்றிய ஆய்வு அல்ல. லண்டனில் அரச அலுவலகங்கள் நிறைந்த தெருவின் பெயர் வைட்ஹோல். 1967இல் தொடங்கி, அங்கே வேலை செய்த சுமார் 18,000 ஆண் அரச ஊழியர்கள் பரிசோதிக்கப்பட்டுப் பின்தொடரப்பட்டார்கள். இவர்களில் பட்டினி கிடந்தவர் இல்லை. எல்லோருக்கும் நிரந்தரச் சம்பளம், ஓய்வூதியம், ஒரே என்.எச்.எஸ்.

அக்காலத்தில் மாரடைப்பைப் பெரிய அதிகாரிகளின் நோய் என்று எண்ணினார்கள். பொறுப்பு அதிகம், மன அழுத்தம் அதிகம் என்பது காரணம். ஆய்வு அதற்கு நேர்மாறாகச் சொன்னது. தூதுவர், வாயில் காப்பவர் போன்ற ஆகக் கீழ்நிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த வீதம், ஆக மேல்நிலை அதிகாரிகளின் வீதத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. அதைவிட முக்கியமானது, இடையில் இருந்தவர்களின் நிலை. மேலிருந்து இரண்டாவது படியில் இருந்த வசதியான உத்தியோகத்தர்கள் கூட முதற்படியினரைவிடக் கூடுதலாக இறந்தார்கள். அதாவது ஏழை, பணக்காரர் என்ற இரண்டு பெட்டிகள் இல்லை. ஒவ்வொரு படி இறங்கவும் ஆபத்து ஒரு படி ஏறுகிறது. ஆய்வாளர்கள் இதைச் 'சமூகச் சரிவு' என்கிறார்கள்.

புகைத்தல், இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்தபின்னும் அந்த வித்தியாசத்தில் பாதிக்கு மேல் விளக்கப்படாமல் நின்றது. மிச்சம் எங்கே? அதைத் தேடி 1985இல் இரண்டாவது வைட்ஹோல் ஆய்வு தொடங்கியது. இம்முறை பெண்களும் சேர்த்து 10,308 பேர். 1997இல் வந்த அதன் முடிவு ஒன்று எமது சமூகத்துக்கு மிகவும் முக்கியமானது. தன் வேலையின் மீது ஒருவருக்கு உள்ள கட்டுப்பாடு, அதாவது எதை எப்போது எப்படிச் செய்வது என்று தானே தீர்மானிக்கும் உரிமை, குறையக் குறைய இதய நோய் கூடியது. மேல், கீழ் படிகளுக்கிடையிலான வித்தியாசத்தில் பெரும் பங்கை இது விளக்கியது.

இது உடலுக்குள் எப்படி இறங்குகிறது? ஆபத்து வரும்போது உடல் அட்ரினலின், கோர்ட்டிசோல் என்ற சுரப்புகளை விடுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, ஓடுவதற்கும் அடிபடுவதற்கும் தேவையான சர்க்கரை இரத்தத்துக்கு வருகிறது. செல் விழும்போது பதுங்கு குழிக்கு ஓடிய எமக்கு இது புதிதல்ல. ஆபத்து போனதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஆனால் வாடகை, விசா, முதலாளியின் மனநிலை, வீட்டுக் கடன் என்று ஆபத்து ஒவ்வொரு நாளும் அரைவாசி திறந்த நிலையிலேயே இருந்தால் இந்தச் சுரப்புகளும் முழுதாக அடங்குவதில்லை. வருடக்கணக்கில் அது இரத்தக் குழாயையும் இன்சுலினின் வேலையையும் கெடுக்கிறது. இடுப்பைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்கிறது.

இந்த இடத்தில் புகலிடம் கோரியவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. பிரித்தானியாவில் முடிவு வரும்வரை பொதுவாக வேலை செய்ய அனுமதி இல்லை. எந்த ஊரில் வசிப்பது என்பதைக் கூட அதிகாரிகளே தீர்மானிக்கிறார்கள். கட்டுப்பாடு இல்லாத வாழ்வு என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை. அதற்குக் கீழே போரின் காயம் கிடக்கிறது. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போர் தந்த உளத்தாக்கம் பற்றி எழுதிய நூல் 1998இலேயே வந்துவிட்டது. ஆனாலும் நித்திரை வராததை நாம் இன்றும் வைத்தியரிடம் சொல்வதில்லை.

கடல் கடந்த உடல்

பரம்பரை விளக்கத்துக்கு வருவோம். பிரித்தானியாவில் வாழும் தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு வெள்ளையர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம், இளவயதிலேயே வருகிறது. உடல் அமைப்பிலும் வித்தியாசம் உண்டு. மெலிந்தவராகத் தெரிந்தாலும் எமக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு எளிதில் சேர்கிறது. ஆகவே பரம்பரைக்குப் பங்கில்லை என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் 1995இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். மேற்கு லண்டனில் குடியேறிய இந்தியர்களையும், பஞ்சாபில் தங்கிவிட்ட அவர்களின் கூடப்பிறந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரே தாய் தகப்பன், ஒரே பரம்பரை. லண்டனில் இருந்தவர்களுக்கு உடற்பருமன், இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல், சர்க்கரை ஆகிய எல்லாமே ஊரில் இருந்த சகோதரர்களைவிடக் கூடுதலாக இருந்தன. பரம்பரையாக வரும் ஒரு கொழுப்புப் புரதம் மட்டும் இரு பக்கத்தினருக்கும் ஏறக்குறைய சமமாக, ஐரோப்பியர்களைவிட அதிகமாக இருந்தது. பரம்பரை விறகை அடுக்கி வைத்திருந்தது. புதிய இடம் நெருப்பை வைத்தது.

இன்னொரு ஆய்வு யப்பானியர்களைப் பற்றியது. 1960களில் தொடங்கி, யப்பானில் உள்ளவர்கள், ஹவாயில் குடியேறியவர்கள், கலிபோர்னியாவில் குடியேறியவர்கள் என்று மூன்று கூட்டத்தாரை ஒப்பிட்டார்கள். இதய நோய் யப்பானில் ஆகக் குறைவு, ஹவாயில் இடைத்தரம், கலிபோர்னியாவில் ஆகக் கூடுதல். 1976இல் இன்னொரு முடிவு வந்தது. கலிபோர்னியாவிலேயே, தம் சமூகத்தாரோடு நெருக்கமான உறவைக் காத்து மரபுவழி வாழ்ந்தவர்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. உணவையும் புகைத்தலையும் கணக்கில் எடுத்தபின்னும் அந்த வித்தியாசம் போகவில்லை.

எமது பழைய மாணவர் சங்கத்துக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் கோயிலுக்கும் இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மனிதரோடு மனிதர் சேர்ந்திருப்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல. ஆனால் ஒன்றுகூடலில் ஐந்து வகை இனிப்புப் பரிமாறுவதற்கு இந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது.

எமது தொழில்கள்

எம்மவர் பலர் இறங்கிய படிகள் எவை என்று எல்லோருக்கும் தெரியும். ஊரில் ஆசிரியராக இருந்தவர் இங்கே பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. வங்கியில் இருந்தவர் உணவகச் சமையலறையில். பொறியியல் படித்தவர் பாதுகாப்பு ஊழியர், டாக்சி ஓட்டுநர். பிள்ளைகள் படித்து ஏறிவிட்டார்கள் என்று மகிழ்கிறோம், மகிழத்தான் வேண்டும். ஆனால் அந்த இறக்கத்தின் விலையை முதல் தலைமுறையின் உடல் செலுத்தியது.

கோவிட்-19 இதை ஒரே மாதத்தில் வெளிச்சம்போட்டுக் காட்டியது. பிரித்தானியப் புள்ளிவிபர அலுவலகம் 2020 மே மாதம் வெளியிட்ட கணக்கின்படி, இங்கிலாந்திலும் வேல்சிலும் உழைக்கும் வயது ஆண்களில் இலட்சத்துக்கு 9.9 பேர் அந்நோயால் இறந்திருந்தார்கள். பாதுகாப்பு ஊழியர்களில் அது 45.7. டாக்சி ஓட்டுநர்களில் 36.4. சமையற்காரர்களில் 35.9. கிருமிக்குத் தொழில் தெரியாது. ஆனால் யார் வீட்டில் இருந்து வேலை செய்யலாம், யார் வாசலில் நிற்க வேண்டும் என்பதைத் தொழில்தான் தீர்மானித்தது.

கிருமி இல்லாத காலத்திலும் நேரம் கொல்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்தில் 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களை 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டது. பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் கூடுதல். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல். இரவு வேலையைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007இலேயே, புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் அதிகமுள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது.

கணக்கெழுதும் எமக்கு இங்கே ஒரு குற்ற உணர்வு இருக்கிறது. சிறு கடை வைத்திருக்கும் எம்மவர்கள் வருட முடிவில் பற்றுச்சீட்டுகளைப் பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். வேலையாளின் மணித்தியாலம் சம்பளக் கணக்கில் இருக்கும். கடைக்காரரின் மணித்தியாலம் எந்த ஏட்டிலும் இராது. காலை 5 மணிக்குப் பத்திரிகைக் கட்டை அவிழ்ப்பது முதல் இரவு 10 மணிக்குக் கதவை இழுத்து மூடுவது வரை அவரும், அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் அவர் மனைவியும் நிற்பார்கள். அந்த நேரத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால், நாம் 'இலாபம்' என்று எழுதிக் கொடுக்கும் தொகை பல கடைகளில் நட்டமாக மாறிவிடும். கடையின் குளிர்பெட்டிக்கு வருடாவருடம் பெறுமானத் தேய்வு எழுதுகிறோம். அதைத் திறந்து மூடும் கைக்கு எழுதுவதில்லை.

எமக்குள்ளும் ஓர் ஏணி

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஏணி வெள்ளைக்காரன் எமக்கு வைத்தது மட்டுமல்ல.

1985இல் றொக்கபெல்லர் மன்றம் வெளியிட்ட ஓர் அறிக்கை, குறைந்த செலவில் நல்ல உடல்நலத்தை அடைந்த நாடுகளில் ஒன்றாக இலங்கையைக் காட்டியது. இலவசக் கல்வி, பெண்களின் படிப்பு, இலவச வைத்தியம், உணவுப் பங்கீடு ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. அதே இலங்கையில், 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டப் பகுதிகளில் 32 சதவீதம். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையக மக்களின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் அவர்கள். லயன் அறையும் நாட்கூலியும் தூரத்து வைத்தியசாலையும் ஒரு பிள்ளையின் எலும்பில் பதிவாகின்றன.

யாழ்ப்பாணத்தில் யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்று சாதி பார்த்து ஒழுங்கு வைத்தவர்களும் நாமே. தண்ணீர் மறுக்கப்பட்ட வீட்டுக் குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தால் அதை விதி என்று சொன்னோம். சாட்விக் 1842இல் விதி என்று எழுதவில்லை; வடிகாலைக் காட்டினார்.

புலம்பெயர்ந்த இடத்திலும் அது தொடர்கிறது. நேற்று வந்த, பத்திரம் இல்லாத பொடியனைக் குறைந்த கூலிக்கு இரவில் நிறுத்திவிட்டு, "நாங்களும் இப்பிடித்தானே வந்தனாங்கள்" என்று சொல்லும் எம்மவர் உண்டு. அவனுடைய படி எமது படிக்குக் கீழே. அவன் உடலில் ஏறும் கடனை எழுதும் பேரேடு யாரிடமும் இல்லை.

என்ன செய்யலாம்?

வேல்சின் கிளின்கொரக் என்ற சுரங்கக் கிராமத்தில் வைத்தியராக இருந்த யூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் ஒரு விதியை எழுதினார். நல்ல வைத்தியம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். மொழி தெரிந்தவர், நேரம் உள்ளவர், கேட்கத் தெரிந்தவர் கூடுதலாகப் பெறுகிறார். இரவு வேலை முடிந்து தூங்குபவர் காலை 8 மணிக்குத் தொலைபேசியில் வரிசையில் நிற்க முடியாது. ஆகவே கேட்பதற்கு என்னென்ன உரிமை உண்டு என்று தெரிந்திருப்பது முக்கியம். இங்கிலாந்தில் வாழ்பவர்களுக்கான சில தகவல்கள்:

- குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்ய விசா நிலை தடையல்ல. புகலிடம் கோரியவரும் பத்திரம் இல்லாதவரும் இலவசமாகப் பதியலாம்.

- 40 முதல் 74 வயது வரை, ஏற்கெனவே இதய நோய், நீரிழிவு போன்றவை கண்டறியப்படாதவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்.எச்.எஸ் இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. அழைப்பு வராவிட்டால் கேட்டுப் பெறலாம்.

- தெற்காசியர்கள் 40 வரை காத்திருக்கத் தேவையில்லை. 25 வயதிலிருந்தே நீரிழிவு ஆபத்தைக் கணிக்கலாம் என்பது இங்குள்ள வழிகாட்டல். உடற்திணிவுச் சுட்டெண் மற்றவர்களுக்கு 25இல் எச்சரிக்கை என்றால் எமக்கு 23இலேயே எச்சரிக்கை, 27.5 என்றால் உயர்ந்த ஆபத்து.

- மொழிபெயர்ப்பாளரை வைத்தியசாலையே இலவசமாக ஒழுங்குசெய்ய வேண்டும். பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்த் தாயின் நோயை அதன் வாயால் சொல்ல வைக்காதீர்கள். சொல்ல வேண்டியது பாதிதான் வெளியே வரும்.

வேறு நாடுகளில் வாழ்பவர்கள் தத்தம் நாட்டில் இவற்றுக்குச் சமமானவை எவை என்று கேட்டறிய வேண்டும். சங்கங்கள் ஒன்றுகூடலில் ஒரு மூலையில் இரத்த அழுத்தம் பார்க்க ஒரு மேசை போடலாம். கடை வைத்திருப்பவர்கள் வாரத்தில் ஒரு நாளையாவது அடைக்கலாம். அந்த ஒரு நாள் வியாபாரத்தைக் கழித்துப் பார்த்த பல கணக்குகளை நாம் பார்த்திருக்கிறோம், பயந்த அளவு குறைவதில்லை. ஆள் வைத்திருப்பவர்கள் சட்டப்படியான சம்பளத்தையும் ஓய்வையும் கொடுக்கலாம்.

இவை எல்லாம் தனி மனிதர் செய்யக்கூடியவை. இவற்றால் மட்டும் ஏணி மறையாது. வீட்டு வாடகை, குறைந்தபட்சச் சம்பளம், புகலிட வழக்கின் காலதாமதம் ஆகியவையும் உடல்நல விடயங்களே என்று எமது பிரதிநிதிகளிடம் சொல்ல வேண்டும். வாக்குக் கேட்டு எமது மண்டபங்களுக்கு வருபவர்களிடம் எமது நாட்டுப் பிரச்சினையைக் கேட்கிறோம், சரி. எமது இரவு வேலைக்காரரைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாம்.

54 வயதில் ஒருவர் போய்விட்டால் "வாயைக் கட்டேல்லை" என்று செத்த வீட்டிலேயே சொல்லும் பழக்கத்தையாவது நாம் விட வேண்டும். அவர் என்ன சாப்பிட்டார் என்பது எமக்குத் தெரியும். இருபது வருடம் எத்தனை மணித்தியாலம் நின்றார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்த வருடக் கணக்கோடு வருபவர்களிடம் நாம் இரண்டு கேள்விகளைக் கூடுதலாகக் கேட்பதென்று தீர்மானித்திருக்கிறோம். வரி அலுவலகத்துக்கு அவை தேவையில்லை. வாரத்தில் எத்தனை மணித்தியாலம் கடையில் நிற்கிறீர்கள்? கடைசியாக எப்போது இரத்த அழுத்தம் பார்த்தீர்கள்?